கட்ட முடியாத கடன்: வாங்கியவர் பொறுப்பா, கொடுத்தவர் பொறுப்பா?

கடனில் மூழ்கியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "கையெழுத்துப் போட்டது நீதானே, கட்டு" என்பது ஒரு கட்சி. "தகுதி பார்க்காமல் கொடுத்தது அவர்கள் தப்பு, கட்டவே வேண்டாம்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: பொறுப்பு என்பது மொத்தமாக ஒரு அளவு, அது ஒருவர் தலையில் ஏறினால் இன்னொருவர் தலையிலிருந்து இறங்கிவிடும் என்ற எண்ணம். குழப்பமே இங்குதான் தொடங்குகிறது.

வாங்குபவரின் கடமை தனி, கொடுப்பவரின் கடமை தனி. ஒருவர் தவறினார் என்பதால் மற்றவரின் தவறு அழிந்துவிடாது. ஒரே கடனில் இருவருமே தவறியிருக்கலாம். இருவரும் சரியாக நடந்தும் கடன் வாராமல் போயிருக்கலாம். எது யாருடைய கடமை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வாக்குவாதம் தேவைப்படாது.

மருத்துவரும் நோயாளியும்

ஒருவர் மருத்துவரிடம் போகிறார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்கு ஒவ்வாமை உண்டு என்பதை உண்மையாகச் சொல்ல வேண்டியது அவர் வேலை. அதைக் கேட்டு, அந்த உடம்பு தாங்கும் மருந்தை, தாங்கும் அளவில் எழுதிக்கொடுப்பது மருத்துவர் வேலை. நோயாளி மறைத்திருந்தால் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவர் எதுவும் கேட்காமலே எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு "அவர்தான் வீரியமான மருந்து வேண்டும் என்று கேட்டார்" என்று சொன்னால் அது எடுபடாது. எல்லாம் சரியாக நடந்தும் யாரும் எதிர்பாராத ஒவ்வாமை வந்தால் இருவர் மீதும் தப்பில்லை.

கடனிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். ஒரே ஒரு இடத்தில் ஒப்பீடு உடைகிறது. நோயாளியின் நலனைப் பார்ப்பது மருத்துவரின் தொழில் தர்மம். கடன் கொடுப்பவர் வியாபாரி, லாபத்துக்காகத்தான் கடை திறந்திருக்கிறார். அவரிடம் கருணையை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை, பெரும்பாலான சட்டங்களும் அதை எதிர்பார்ப்பதில்லை. அவை கேட்பது ஒன்றுதான்: கொடுப்பதற்கு முன் பார்த்தாயா?

யாருக்கு எது தெரியும்?

வியாபாரியிடம் அதையாவது ஏன் கேட்க வேண்டும் என்றால், அவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. கடன் கொடுக்கும் நிறுவனம் ஆயிரக்கணக்கான கடன்களைப் பார்த்திருக்கும். எந்த மாதிரி வருமானத்தில் எத்தனை பேர் தவணை தவறுவார்கள், எந்த மாதத்தில் தடுமாறுவார்கள் என்பதெல்லாம் அதன் கணினியில் இருக்கும். வட்டி, தவணைக் காலம், தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் அதுவே வடிவமைக்கிறது. வாங்குபவரோ வாழ்க்கையில் பெரிய கடன் என்று சில முறைதான் எடுப்பார்.

ஒரு பேரத்தில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதைப் பொருளாதாரத்தில் தகவல் ஏற்றத்தாழ்வு என்கிறார்கள். ஜார்ஜ் அகர்லாஃப், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் மூவரும் 2001-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றது இதைப் பற்றிய ஆய்வுகளுக்காகத்தான். வேடிக்கை என்னவென்றால், கடன் சந்தையைப் பற்றி ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும் 1981-இல் எழுதிய கட்டுரை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தது: கடன் கேட்பவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்த அளவு கொடுப்பவருக்குத் தெரியாது என்பதே அதன் தொடக்கப் புள்ளி.

அதுவும் உண்மைதான். ஏற்றத்தாழ்வு இரண்டு பக்கமும் இருக்கிறது. சம்பளம் அடுத்த மாதம் நிற்கப்போகிறதா, தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறோமா என்பது வாங்குபவருக்கு மட்டும் தெரியும். இந்த வட்டியில் இந்தத் தவணை எங்கே கொண்டுபோய் விடும் என்பது கொடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கடமைகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. தனக்கு மட்டுமே தெரிந்ததை வாங்குபவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். தன்னால் கணக்கிட முடிந்ததைக் கொடுப்பவர் கணக்கிட்டே தீரவேண்டும்.

பணம் வருமா என்பது ஒரு கேள்வி, தாங்குவாரா என்பது வேறு

இனிச் சொல்லப்போவதுதான் இந்த விஷயத்தின் மையம். இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கடன் கொடுக்கும் நிறுவனம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறது என்றால், நமக்கு அந்தக் கடன் ஏற்றதா என்று பார்க்கிறது என நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. கிரெடிட் ஸ்கோர் என்பது இந்தக் கேள்விக்கான விடை. பழைய கடன்களை ஒருவர் எப்படிக் கட்டினார் என்பதை வைத்து, புதுக் கடனைத் தவறவிடும் வாய்ப்பை மதிப்பிடும் எண் அது. சம்பளத்தில் தவணைக்கு இடமிருக்கிறதா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வி கட்டும் திறன். அத்தியாவசியச் செலவுகளைக் குறைக்காமல், வேறு கடன் வாங்காமல், கையில் இருக்கும் சொத்தை விற்காமல், வருமானத்திலிருந்தே தவணையைக் கட்ட முடியுமா என்பது. முதல் கேள்விக்கு "ஆம்" என்றும் இரண்டாவதற்கு "இல்லை" என்றும் விடை வருவது ரொம்ப சாதாரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவு 70. ஏற்கெனவே உள்ள தவணைகள் 15. மிச்சம் 15. இப்போது அவர் மாதம் 25 தவணையில் புதுக் கடன் எடுக்கிறார். கொடுப்பவர் வருமானத்தையும் புதுத் தவணையையும் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு இருபத்தைந்துதானே என்று கையெழுத்து வாங்கிவிடுவார். உண்மையில் ஒவ்வொரு மாதமும் 10 துண்டு விழுகிறது.

அந்தப் 10-ஐ அவர் வேறொரு இடத்தில், மாதம் 3 சதவீத வட்டிக்கு வாங்கிச் சமாளிக்கிறார் என்று வைப்போம். ஒரு வருடம் கழித்து அந்தப் புதுக் கடன் மட்டும் 142 அளவுக்கு வளர்ந்திருக்கும். அதாவது ஏறக்குறைய ஒன்றரை மாத வருமானம். முதலில் கொடுத்தவரின் புத்தகத்திலோ பன்னிரண்டு தவணையும் தேதி தவறாமல் வந்திருக்கும். "நல்ல வாடிக்கையாளர்" என்று அவருக்குக் கூடுதல் கடன் வேண்டுமா என்று குறுஞ்செய்திகூட வரும்.

"ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதானே வந்தார், அப்போ கட்ட முடிந்த கடன்தானே?" என்ற வாதம் இதனால்தான் நிற்காது. ஒழுங்காகக் கட்டியது வருமானத்திலிருந்தா, இன்னொரு கடனிலிருந்தா என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்தில் 2010-இல் வெடித்த நுண்கடன் (ஏழைக் குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் சிறு கடன்) நெருக்கடி இதற்குப் பெரிய உதாரணம். ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தன. ஒன்றின் தவணையை இன்னொன்றிலிருந்து வாங்கிக் கட்டும் நிலை பரவியிருந்தது. ஆனால் வெடிக்கும் வரை வசூல் விகிதம் மிக நன்றாகவே தெரிந்தது.

இதுவரை பார்த்தது: பணம் திரும்பி வருவது கொடுப்பவரின் ஆபத்தைப் பற்றிய கேள்வி. கட்டும் திறன் வாங்குபவரின் ஆபத்தைப் பற்றியது. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது.

கட்ட முடியாதவருக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

நியாயமான சந்தேகம் ஒன்று வரும். கடன் வாராமல் போனால் நட்டம் கொடுத்தவருக்குத்தானே? தன் பணத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள மாட்டாரா? சட்டம் எதற்கு?

வட்டி குறைவாக இருக்கும்போது இந்த வாதம் சரி. 100 பேருக்கு ஆளுக்கு 100 வீதம் 10,000 கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அசலுக்கு மேல் 12 சதவீதம் வட்டி. 80 பேர் முழுதாகக் கட்டினால் 8,960 வரும். மீதி 20 பேர் பாதி கட்டிவிட்டு நின்றுவிட்டால் 1,120. மொத்தம் 10,080. அலுவலகச் செலவுக்குக்கூடக் காணாது. இந்த நிறுவனம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் துருவித் துருவித்தான் பார்க்கும்.

இப்போது வட்டியை 40 சதவீதம் ஆக்குங்கள். அதே 80 பேர் கட்டுவது 11,200. அதே 20 பேர் பாதி கட்டுவது 1,400. மொத்தம் 12,600. ஐந்தில் ஒருவர் மூழ்கியும் 2,600 மிச்சம். மூழ்கும் அந்த 20 பேரைக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்கு ஆகும் செலவு அவர்களால் வரும் நட்டத்தைவிடக் கூடுதலாக இருந்தால், சோதிக்காமல் கொடுப்பதே லாபம். தாமதக் கட்டணம், புதுப்பிப்புக் கட்டணம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அவற்றையும் சேர்த்தால், தடுமாறித் தடுமாறிக் கட்டுகிறவர்தான் சில நிறுவனங்களுக்கு அதிக வருமானம் தருபவர்.

இரண்டாவது காரணம், கொடுத்தவர் கடனைத் தன் கையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அமெரிக்காவில் 2008 நிதி நெருக்கடிக்கு முன் வீட்டுக் கடன்களில் நடந்தது இதுதான். கடன் கொடுத்த நிறுவனம் அதை உடனே விற்றுவிடும். அப்படிக் கடனை விலைக்கு வாங்கிய நிறுவனங்கள் பல கடன்களை மூட்டையாகக் கட்டி முதலீட்டுப் பத்திரங்களாக மாற்றி விற்றன. இதற்குப் பத்திரமாக்கல் என்று பெயர். முதலில் கொடுத்தவருக்குக் கொடுத்த எண்ணிக்கைக்குத்தான் வருமானம். அதனால் வருமானச் சான்று கேட்காத கடன்கள் பெருகின. விண்ணப்பத்தில் எழுதிய சம்பளத்தை அப்படியே நம்பிக்கொண்டார்கள், பல இடங்களில் அந்தச் சம்பளத்தை எழுதியதே தரகர்தான்.

இங்கே வாங்கியவர் பொய்க்குக் கையெழுத்துப் போட்டார், கொடுத்தவர் பொய் என்று தெரிந்தும் கேட்காமல் இருந்தார். முதலில் சொன்னேனே, இருவருமே தவறியிருக்கலாம் என்று, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சட்டங்கள் எங்கே கோடு போடுகின்றன?

அந்த 2008 நெருக்கடிக்குப் பிறகு 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தின் கீழ், வீட்டுக் கடன் வாங்குபவர் திருப்பிக் கட்ட முடியும் என்பதை நியாயமாகவும் நேர்மையாகவும் தீர்மானித்த பிறகே கொடுக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

எனக்குத் தெரிந்து இந்த இரட்டைப் பொறுப்பை அழகாக எழுதி வைத்திருப்பது தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டம். கட்டும் திறனைப் பார்க்காமல் கொடுப்பதையும், பார்த்து, தாங்கமாட்டார் என்று தெரிந்தும் கொடுப்பதையும் அது பொறுப்பற்ற கடன் என்று வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்ட கடனில் வாங்கியவரின் கடமைகளை நீதிமன்றம் முழுவதுமாகவோ பகுதியாகவோ நீக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். அதே சட்டம், கேட்ட விவரங்களுக்கு வாங்குபவர் உண்மையாகவும் முழுமையாகவும் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது. அவர் அப்படிச் சொல்லாததால்தான் மதிப்பீடு தவறிப்போனது என்று நிரூபணமானால் கொடுத்தவர் தப்பித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கொண்டுவந்த நுண்கடன் விதி வேறு மாதிரி. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, மாதக் குடும்ப வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. புதுக் கடனை மட்டும் தனியாகப் பார்க்காமல் பழையவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. மேலே போட்ட கணக்கில் நம்மவர் 15-உம் 25-உம் சேர்த்து 40-இல் இருந்தார். அதாவது இந்த வரம்புக்குள் இருந்துகொண்டே துண்டு விழுந்தது. சதவீத வரம்பு என்பது எளிய வேலி, அவ்வளவுதான். செலவைப் பார்க்காத எந்த விதிக்கும் இந்த ஓட்டை இருக்கும்.

பிரிட்டன் கட்டணத்தைப் பிடித்தது. 2015 ஜனவரியிலிருந்து குறுகிய கால உயர்வட்டிக் கடன்களுக்கு வட்டியும் கட்டணமும் சேர்ந்து நாளுக்கு 0.8 சதவீதம்தான், வாங்கிய தொகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எந்தக் காலத்திலும் கட்ட வேண்டியதில்லை என்று உச்சவரம்பு வைத்தார்கள். மேலே பார்த்த 40 சதவீதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பவரின் வருமானத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டால் மூழ்குபவர்களைச் சோதித்து ஒதுக்க வேண்டிய கட்டாயம் தானாக வந்துவிடுகிறது.

எதிர்வாதமும் வலுவானதுதான்

கெடுபிடி கூடினால் வருமானச் சான்று காட்ட முடியாத கூலித் தொழிலாளிக்கும் சிறு வியாபாரிக்கும் முதலில் கதவு மூடும். தேவை மூடாது. அவர்கள் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாத கந்துவட்டிக்காரரிடம் போவார்கள். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இன்னொன்று, செலவு என்பது கல்லில் எழுதியதல்ல. ஆஸ்திரேலியாவில் வெஸ்ட்பேக் வங்கி வாடிக்கையாளர்கள் சொன்ன உண்மையான செலவை விட்டுவிட்டு ஒரு சராசரி அளவுகோலைப் பயன்படுத்தியது என்று ஒழுங்குமுறை ஆணையம் வழக்குப் போட்டது. 2019-இல் நீதிபதி வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். வீடு வேண்டும் என்று ஒருவர் உறுதியாக இருந்தால் இப்போதைய ஆடம்பரச் செலவைக் குறைத்துக்கொள்ள முடியும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2020-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

ஆடம்பரத்தைக் குறைக்கலாம் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் மருந்துச் செலவையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் அதே பட்டியலில் போட்டு "குறைத்துக்கொள்வார்" என்று ஒரு நிறுவனம் ஊகிக்கத் தொடங்கினால் பரிசீலனைக்கே பொருள் இல்லை. சின்னக் கடனுக்குச் சின்னச் சோதனை, பெரிய கடனுக்கும் தொடர்ந்து திரும்பத் திரும்ப வரும் கடனுக்கும் ஆழமான சோதனை என்ற அளவு முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒருவர் மூன்றாவது முறையாக அதே கடனைப் புதுப்பிக்க வந்து நிற்கிறார் என்பதே ஒரு தகவல்தானே.

வாங்குபவர் தலையில் நிற்பவை

கேட்ட கேள்விக்கு உண்மை சொல்வது முதலாவது. இருக்கும் கடனை மறைத்து, வருமானத்தைக் கூட்டிச் சொல்லி வாங்கிவிட்டு, பிறகு "ஏன் பார்க்கவில்லை" என்று கேட்பது செல்லாது. மொத்தமாக எவ்வளவு கட்டப்போகிறோம் என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்ப்பதும் அவர் வேலை. மாதத் தவணை சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் காலம் நீண்டிருப்பதுதான். தடுமாறத் தொடங்கியதுமே கொடுத்தவரிடம் சொல்வது இன்னொன்று. கடிதத்தைப் பிரிக்காமல் ஒளித்து வைப்பதால் வட்டி ஒளிந்துகொள்வதில்லை.

இவற்றையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கடன் தேடி வருபவர் பெரும்பாலும் நெருக்கடியில் வருகிறார். அந்த நேரத்தில் யாருக்கும் தொலைநோக்கு குறையும், கூட்டுவட்டியை மனக்கணக்கில் குறைத்தே மதிப்பிடுவோம். கொடுப்பவருக்கு இது தெரியும். அதனால் வாங்குபவரின் பொறுப்பு இல்லாமல் போகாது, ஆனால் கொடுப்பவர் தன் பங்குச் சோதனையை விட்டுவிட அது சாக்காகவும் ஆகாது.

யார் மீதும் தப்பில்லாத கடன்

கடன் கொடுத்த நாளில் எல்லாம் சரியாக இருந்தது. ஆறு மாதம் கழித்து வேலை போனது, அல்லது பெரிய நோய் வந்தது. இது பொறுப்பற்ற கடன் ஆகாது. கொடுத்த நாளில் என்ன தெரிந்திருந்தது, சாதாரணமாகக் கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை வைத்துத்தான் கொடுத்தவரை மதிப்பிட வேண்டும், பின்னால் நடந்ததை வைத்து அல்ல.

அதற்காக அப்படியே விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தொகுப்பிலேயே இதற்கு இடம் இருக்கிறது. வெள்ளமோ வறட்சியோ விளைச்சலை அழித்துவிட்டால் அந்த வருடம் கடனாளி தானியம் தரவேண்டாம், வட்டியும் தரவேண்டாம் என்கிறது அது. தவணையை ஒத்திவைப்பது, காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது, கடைசி வழியாக நொடிப்பு (திவால்) சட்டம் என்று இன்று இருப்பவை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. கொடுத்தவருக்கு இங்கே புதிதாக ஒரு கடமை தொடங்குகிறது: வசூலில் நியாயமாக நடப்பது. முறையாகக் கொடுத்த கடனையும் மிரட்டி வசூலிக்க உரிமை கிடையாது.

இதுவரை மூன்று நிலை பார்த்தோம்: வாங்கியவர் மறைத்தது, கொடுத்தவர் பார்க்காதது, இருவர் கையிலும் இல்லாதது. எந்த நிலை என்பது தெரிந்தால்தான் தீர்வு எது என்று பேச முடியும்.

கொடுத்தவர் தவறு என்று ஆனால் என்ன கிடைக்கும்?

கடன் முழுவதும் தள்ளுபடி என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பிரிட்டனின் நிதிக் குறைதீர்ப்பு மையம் இப்படிப்பட்ட புகார்களில் வழக்கமாகச் சொல்லும் தீர்வு: அந்தக் கடனுக்குக் கட்டிய வட்டியையும் கட்டணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், கடன் வரலாற்றில் ஏறிய கறையை நீக்க வேண்டும். அசல் அப்படியே நிற்கும். பணத்தை வாங்கிச் செலவழித்தது வாங்கியவர், அதனால் அசல் அவர் பொறுப்பு. சோதிக்காமல் கொடுத்து லாபம் பார்த்தது கொடுத்தவர், அதனால் லாபம் திரும்பப் போகிறது.

அசலே தள்ளுபடி ஆவதும் உண்டு. பிரிட்டனில் வோங்கா என்ற நிறுவனம் கட்டும் திறனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒழுங்குமுறை ஆணையம் சுட்டிக்காட்டிய பிறகு, 2014 அக்டோபரில் சுமார் 3.3 லட்சம் பேரின் 22 கோடி பவுண்டு கடன் நிலுவையைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டது. பிறகு இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்து, 2018 ஆகஸ்டில் நிறுவனமே சரிந்தது.

இப்படி ஒரு கடனில் மாட்டியிருப்பவர் செய்யக்கூடாதது, தானாகவே முடிவெடுத்துத் தவணையை நிறுத்துவது. புகார் நிலுவையில் இருக்கும்போதும் தாமதக் கட்டணம் ஏறும், கடன் வரலாறு கெடும். எழுத்தில் புகார் கொடுத்து, கடன் கொடுத்த நாளில் என்னென்ன விவரம் கேட்டார்கள், எதை வைத்துக் கட்டும் திறனை முடிவுசெய்தார்கள் என்ற பதிவைக் கேட்க வேண்டும். கூடவே அந்தச் சமயத்து வங்கிக் கணக்கு அறிக்கையும் மற்றக் கடன்களின் தவணை விவரமும் கையில் இருக்க வேண்டும். நிறுவனம் தட்டிக் கழித்தால் அந்தந்த நாட்டின் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். அங்கே முதலில் பார்ப்பது இந்தத் தாள்களைத்தான். விண்ணப்பத்தில் நாம் எழுதிக்கொடுத்ததும் அதே கோப்பில் இருக்கும் என்பதால், போவதற்கு முன் அதையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.